எரிகிற கப்பலில் நின்ற பையன்

போன வாரம் ஒரு சாயங்காலம். எதிர்வீட்டுப் பிள்ளை, ஏழாம் வகுப்பு படிக்கிறவள், ஆங்கிலப் பாடப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "தாத்தா, இந்தக் கதைக்கு மாரல் என்ன? ரெண்டு மார்க் கேள்வி. ஒரு வரி சொன்னாப் போதும்" என்றாள்.

முப்பத்து நான்கு வருடம் ஆங்கில வாத்தியாராக இருந்தவனுக்கு அந்த ஒரு வரி நாக்கு நுனியில் இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை. "நாளைக்கு வாம்மா, பேசுவோம்" என்று அனுப்பிவிட்டேன். அவளுக்கு ஏமாற்றம்தான். ஆனையூருக்கு வந்து குடியேறி இத்தனை வருடத்தில், பிள்ளைகள் கேட்டால் உடனே பதில் சொல்லும் தாத்தா என்று ஒரு பெயர் எனக்கு உண்டு. அதை அன்றைக்குக் கெடுத்துக்கொண்டேன்.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால், "இந்தக் கதையின் நீதி என்ன?" என்ற கேள்வி நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று சொல்லிவிடுகிறேன். என் வயதுக்காரர்கள் எல்லோரும் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதித்தான் பாஸானோம். கேள்வியின் பூர்வீகத்தை யாரும் நமக்குச் சொல்லவில்லை.

வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் நமக்குப் பள்ளிக்கூடமே கிடையாது என்று நினைக்கிறவர்கள் இன்றும் உண்டு. மதராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் ஒவ்வொரு மாவட்டக் கலெக்டரிடமும் கணக்குக் கேட்டார். 1826இல் அவர் தொகுத்துச் சொன்ன கணக்குப்படி ராஜதானி முழுவதும் 12,498 பள்ளிகள் இருந்தன. 1,88,650 பிள்ளைகள் படித்தார்கள். தமிழ்ப் பகுதியில் இவற்றில் பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிக்கூடங்கள். மணலில் விரலால் எழுதி, ஓலையில் எழுத்தாணியால் எழுதி, அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றை வேந்தன் என்று மனப்பாடம் செய்து படித்தார்கள்.

அங்கே நீதிக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஔவையின் நீதி கட்டளையாக வரும். செய் என்றால் செய், செய்யாதே என்றால் செய்யாதே. தகப்பன் வார்த்தையை மந்திரத்துக்கும் மேலே வைத்தவள் அவள். "இதன் நீதி என்ன?" என்று அங்கே யாரும் கேட்க வேண்டியதில்லை, நீதியே பாடமாக இருந்தது. ஒரு கதையைச் சொல்லி, அதைப் பிழிந்து, கடைசியில் ஒரு வரி நீதியை எடுத்துக் காட்டச் சொல்லும் பரீட்சைப் பழக்கம் பின்னால் வந்தது.

அது வந்த வழி வேடிக்கையானது. கம்பெனி ஆட்சிக்கு 1806இல் வேலூரில் ஒரு பெரிய அடி விழுந்தது. சிப்பாய்களின் தலைப்பாகையிலும் மதக்குறியிலும் கை வைத்ததால் கிளம்பிய கலகம் அது. அதற்குப் பிறகு மதத்தில் கை வைப்பதென்றால் கம்பெனிக்கு நடுக்கம். 1813ஆம் வருடச் சாசனச் சட்டம் கல்விக்காக வருடம் ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கச் சொன்னது. 1835 பிப்ரவரியில் மெக்காலே தன் குறிப்பை எழுதினார். மார்ச் மாதம் பெண்டிங் பிரபு அந்தப் பணம் ஆங்கிலக் கல்விக்கே என்று உத்தரவு போட்டார். ஆங்கிலம் வந்துவிட்டது. ஆனால் அதன் வழியாக ஒழுக்கத்தை எப்படிக் கற்றுக் கொடுப்பது? இங்கிலாந்திலே அதற்குப் பைபிள் இருந்தது. இங்கே அரசாங்கப் பள்ளியில் அதை வைக்க முடியாது.

வைத்துப் பார்க்கவும் முயன்றார்கள். 1846இல் மதராஸ் கவர்னராக இருந்த ட்வீடேல் பிரபு, அரசாங்கப் பள்ளிகளில் பைபிளையும் ஒரு பாடப் புத்தகமாக வைக்கலாம் என்று எழுதினார். நகரத்தில் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. 'கிரசென்ட்' பத்திரிகை நடத்திய காசுலு லட்சுமிநரசு செட்டியார் அதற்கு முன்னின்றார். லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்களும் கவர்னரின் யோசனையை ஏற்கவில்லை.

சரி, மதம் கூடாது, ஒழுக்கம் வேண்டும். அப்போது கைக்கு வாகாகக் கிடைத்தது ஆங்கில இலக்கியம். ஷேக்ஸ்பியர், மில்டன், கோல்ட்ஸ்மித் என்று பாடமாக வைத்தால், அவற்றுக்குள்ளேயே கடமை, கீழ்ப்படிதல், உண்மை எல்லாம் இருக்கின்றன. மதமாற்றம் என்று யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். கௌரி விஸ்வநாதன் என்ற அறிஞர் 1989இல் வெளியிட்ட தம் புத்தகத்தில் இந்தக் கதையை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஒரு விஷயத்தைக் கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்துக்குத் தனிப் பட்டப் படிப்பு வந்தது 1894இல்தான். அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நம் மதராஸ் பையன்கள் ஷேக்ஸ்பியர் பாடத்தில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள்!

ஆக, அந்த இரண்டு மார்க் கேள்வி ஒரு ராஜாங்கத்தின் தேவையிலிருந்து பிறந்தது. படித்து, குமாஸ்தாவாகி, சொன்னதைச் செய்யும் நல்ல பிள்ளைகள் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

இதைச் சொல்லும்போது எல்லா வெள்ளைக்கார வாத்தியார்களையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. வில்லியம் மில்லர் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர். 1862இல் மதராஸுக்கு வந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியை வளர்த்தவர், 1907 வரை அதன் முதல்வர். ஷேக்ஸ்பியர் நாடகங்களை வாழ்க்கைப் பாடமாகவே நடத்தினார். லியர், மாக்பெத், ஹாம்லெட், ஒதெல்லோ என்ற நான்கு நாடகங்களைப் பற்றி அவர் எழுதியவை 1900ஐ ஒட்டிப் புத்தகமாக வந்தன. அந்தப் புத்தகத்துக்கு அவர் வைத்த தலைப்பைத் தமிழில் 'ஷேக்ஸ்பியரின் வாழ்க்கை வரைபடம்' என்று சொல்லலாம். லியரைப் பற்றிய பகுதியின் தலைப்பில் இந்திய அரசியலையும் சேர்த்திருந்தார். கப்பலோட்டி கையில் கடல் வரைபடம் வைத்திருப்பதுபோல, வாழ்க்கையைக் கடக்க இந்த நாடகங்கள் உதவும் என்பது அவர் நம்பிக்கை.

அந்த மில்லரிடம் போய்ச் சேர்ந்தவர் நம் மதுரைப் பக்கத்துப் பிள்ளை. கொலு பொம்மை வாங்க விளாச்சேரிக்குப் போகிறவர்கள் அங்கே ஒரு நினைவில்லத்தைப் பார்த்திருப்பீர்கள். வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார், தம் பெயரையே தமிழாக்கிப் பரிதிமாற் கலைஞர் ஆனவர், 1870இல் பிறந்த ஊர் அது. மில்லரின் கல்லூரியில் படித்து, அங்கேயே தமிழ் ஆசிரியரானார்.

அவரைப் பற்றி இன்றும் சொல்லப்படும் ஒரு செய்தி உண்டு. மில்லர் ஒருநாள் டென்னிசன் கவிதையை நடத்திக்கொண்டிருந்தார். ஆர்தர் மன்னன் கடைசிப் பயணம் போகும் படகு, அன்னம்போல நீரில் நழுவிச் செல்கிறது என்று வரும் இடம். இப்படி ஓர் உவமை உங்கள் மொழியில் உண்டா என்று மில்லர் கேட்டாராம். சூரியநாராயணர் எழுந்து, குகன் ஓட்டிய ஓடத்துக்குக் கம்பன் அதே அன்னத்தின் நடையை எப்போதோ சொல்லி வைத்திருப்பதை எடுத்துக் காட்டினாராம். மில்லர் கோபித்துக்கொள்ளவில்லை, மகிழ்ந்து போனார் என்பார்கள். இதில் எனக்குப் பிடித்தது கம்பன் ஜெயித்தான் என்பது அல்ல. வாத்தியார் கேள்வி கேட்டார், பையன் எழுந்து எதிர்ப்பாடம் நடத்தினான், இரண்டு பேரும் பெரியவர்களாகி உட்கார்ந்தார்கள். வகுப்பு என்றால் அது வகுப்பு.

அதே பரிதிமாற் கலைஞர் ஆங்கில சானட் வடிவத்தைப் பார்த்து, பதினான்கு அடியில் தமிழ்ப் பாட்டு எழுதினார். தமிழை உயர்தனிச் செம்மொழி என்று அறிவிக்க வேண்டும் என்று முதலில் எழுந்த குரல்களில் ஒன்று அவருடையது. 1903இல், முப்பத்து மூன்று வயதில் போய்விட்டார்.

இப்படித்தான் அந்தத் தலைமுறையில் பலர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர் யாழ்ப்பாணத்து சி.வை. தாமோதரம் பிள்ளை. ஆங்கிலம் படித்த அந்த மனிதர் 1887இல் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். திருவனந்தபுரத்தில் தத்துவம் போதித்த பெ. சுந்தரம் பிள்ளை, லிட்டன் பிரபுவின் ஓர் ஆங்கிலக் கதையைப் படித்தார். அதைப் பாண்டிய நாட்டுக்குக் கொண்டுவந்து, ஜீவக மன்னன், அவன் மகள், சூழ்ச்சிக்கார மந்திரி குடிலன் என்று 1891இல் மனோன்மணீயமாக்கினார். இன்றைக்கு நாம் எழுந்து நின்று பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து அந்த நாடகத்தின் முகப்பில் இருப்பது. ஆங்கிலக் கதையிலிருந்து அவர் பிழிந்தெடுத்த நீதி எந்தத் தேர்வுத் தாளிலும் இல்லாதது.

பிறகு பாரதி. 1904இல் நம் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராக இருந்தார். அதே வருடம் மதுரையிலிருந்து வந்த 'விவேகபாநு' பத்திரிகையில்தான் அவருடைய கவிதை முதன்முதலில் அச்சேறியது. அதுவும் பதினான்கு வரிப் பாட்டு. ஆங்கிலக் கல்வியைத் தம் சுயசரிதையில் கடுமையாகத் திட்டியவர் அவர். ஆனால் ஷெல்லிமேல் அத்தனை மோகம். 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர்கூட வைத்துக்கொண்டார். ஷெல்லி யார்? நாத்திகத் துண்டுப் பிரசுரம் எழுதி 1811இல் ஆக்ஸ்போர்டிலிருந்து வெளியேற்றப்பட்ட பையன். கீழ்ப்படியாத பிள்ளை. கீழ்ப்படிதலைக் கற்றுத்தர வந்த இலக்கியத்துக்குள் நம் ஆள் தேடிப்போய்க் கண்டுபிடித்தது அந்தக் கீழ்ப்படியாத பிள்ளையை! பின்னால் புதிய ஆத்திசூடி எழுதியபோது, அச்சத்தை விடு என்பதிலிருந்துதான் தொடங்கினார்.

இந்தப் பெரியவர்கள் வரலாற்றையெல்லாம் நான் படித்தது ரிட்டயர் ஆன பிறகு. வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குத் தெரிந்தது நோட்ஸ் டிக்டேட் செய்வது ஒன்றுதான். என் வாத்தியார் எனக்குச் செய்தார், நான் பிள்ளைகளுக்குச் செய்தேன். பாட்டு என்றால் கருத்து ஐந்து வரி, நீதி ஒரு வரி. அடிக்கோடிட்டு எழுது. பெல் அடிக்கும்.

இனி அந்தப் பழைய கணக்கு.

1985 என்று நினைவு. மதுரையை ஒட்டிய ஒரு பள்ளியில் இருந்தேன். ஆண்டு விழாவுக்கு ஆங்கிலப் பாட்டு ஒப்பிக்க ஒரு பையனைத் தயார் செய்யச் சொன்னார்கள். என் அப்பா படித்த பழைய வாசகப் புத்தகம் ஒன்று வீட்டில் இருந்தது. அட்டை போய், கரையான் ஓரத்தைத் தின்றது. அதில் 'கசாபியாங்கா' என்ற பாட்டு. உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எரிகிற கப்பலில் தனியாக நிற்கும் சிறுவனின் பாட்டு.

கதை நடந்த கதைதான். 1798 ஆகஸ்ட் முதல் தேதி இரவு, எகிப்துக் கரையில் அபுகீர் விரிகுடாவில் நெல்சனின் ஆங்கிலக் கடற்படைக்கும் பிரெஞ்சுக் கடற்படைக்கும் சண்டை. பிரெஞ்சுக்காரர்களின் தலைமைக் கப்பல் 'லோரியான்' தீப்பிடித்து வெடித்துச் சிதறியது. அதன் தளபதி கசாபியாங்கா. சின்னப் பையனான அவர் மகனும் கப்பலில் இருந்தான். தகப்பனும் மகனும் தப்பவில்லை. ஃபெலிசியா ஹெமன்ஸ் என்ற ஆங்கிலப் பெண் கவி 1826இல் இதைப் பாட்டாக்கினார். தான் சொல்லும்வரை இடத்தை விட்டு நகராதே என்று அப்பா சொல்லியிருக்கிறார். தீ சூழ்கிறது. எல்லோரும் ஓடிவிட்டார்கள். பையன் நகரவில்லை. அப்பா, நான் போகலாமா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்கிறான். அப்பா கீழ்த்தளத்தில் உணர்விழந்து கிடக்கிறார் என்பது அவனுக்குத் தெரியாது. கப்பல் வெடிக்கிறது.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தலைமுறை தலைமுறையாக இதை ஒப்பிக்க வைத்தார்கள். பொறுக்க முடியாமல் பிள்ளைகள் இதைக் கேலிப் பாட்டாக்கிப் பாடியதும் உண்டு.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். குரல் கணீரென்று இருக்கும். அவன் அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். வீட்டில் ஆங்கிலம் ஓர் எழுத்துத் தெரிந்தவர் கிடையாது. ஒரு வாரத்தில் பாட்டு முழுவதையும் ஒப்பித்துவிட்டான். விழாவில் அவன் சொன்னபோது கூட்டம் சத்தமில்லாமல் கேட்டது. பரிசாக ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். மறுநாள் வகுப்பில் நான் கரும்பலகையில் ஒரு வரி எழுதினேன்: பெற்றோர் சொல்லை உயிரே போனாலும் மீறக் கூடாது. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு. ஆடி மாதம் முடிவதற்குள் அவன் வரவில்லை. விசாரித்ததில், ஆந்திராவில் ஒரு முறுக்குக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார்கள். நம் பக்கத்தில் இது புதிதல்ல. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்தும் மதுரையைச் சுற்றியும் எத்தனையோ பையன்கள் முறுக்கு பிழியவும் மிட்டாய் கிண்டவும் வடக்கே போயிருக்கிறார்கள். வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடுவார்கள். அது கழியும்வரை பையன் அங்கே அடுப்பு முன்னால் நிற்க வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவனை நான் வழியில் பார்த்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். சைக்கிளை நிறுத்தி, "என்னடா, பள்ளிக்கூடம் வரலையா?" என்றேன்.

"நாளைக்கு ஊருக்குப் போறேன் சார். அப்பா சொல்லிட்டாரு."

"உனக்கு இஷ்டமா?"

தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, "நீங்கதான சார் எழுதிப் போட்டீங்க, அப்பா பேச்சை மீறக் கூடாதுன்னு" என்றான். குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பியிருந்தான்.

அவன் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். போயிருக்கலாம். அவன் அப்பாவிடம், இவன் படிக்கிற பையன், இன்னும் எட்டு மாதம் பொறுங்கள், பரீட்சை முடியட்டும் என்று சொல்லியிருக்கலாம். முன்பணம் எவ்வளவு என்று கேட்டிருக்கலாம். ஆசிரியர்கள் நாலு பேர் சேர்ந்தால் புரட்டிக் கொடுத்துவிடும் தொகையாகக்கூட இருந்திருக்கலாம். நான் கேட்கவில்லை. "நல்லா இரு" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தேன். அன்றைக்கு எனக்குப் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை இருந்தது. அந்தத் தாள்களிலும் நீதி ஒரு வரி இருந்தது.

அதற்குப் பிறகு நான் உடனே மாறிவிட்டேன் என்று சொன்னால் பொய். ஆனால் கரும்பலகையில் நீதியை எழுதுவது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசந்துபோனது. அதற்குப் பதிலாகக் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். 'வெனிஸ் வணிகன்' கதையை நடத்தியபோது, போர்ஷியா வக்கீல் வேஷத்தில் கோர்ட்டுக்கு வந்து, சட்டத்தின் எழுத்தை வைத்தே கணவனின் நண்பனைக் காப்பாற்றும் இடத்தில் நிறுத்தி, "நம்ம மதுரைக் கோர்ட்டிலே வாதாடின பொம்பளை யாரு?" என்று கேட்டேன். வகுப்பே கண்ணகி என்று கத்தியது. ஒரு பெண் பிள்ளை எழுந்து, "சார், போர்ஷியா ஆம்பளை வேஷம் போட்டுத்தான் பேச முடிஞ்சுது. கண்ணகி பொம்பளையாவே வந்து ராஜாவைக் கேள்வி கேட்டா. ஆனா போர்ஷியா காப்பாத்தினா, கண்ணகி வர்றதுக்குள்ள புருஷன் செத்துட்டான். அப்ப எது நல்ல கோர்ட்டு?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்னொரு பையன், "ஷைலக்கைத் துப்பினாங்களே, அதுக்கு யாருக்குத் தண்டனை?" என்றான். அந்தக் கதையை எத்தனையோ முறை நடத்தியிருந்தும் நான் யோசிக்காத கேள்வி. அன்றைக்கு நோட்ஸ் எழுதவில்லை. பரீட்சையில் அந்த வகுப்பு வழக்கத்தைவிட மோசமாக எழுதவும் இல்லை.

கதைக்கும் கட்டளைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. கட்டளை ஒரே ஆளிடமிருந்து வரும். கதைக்குள் நாலு பேர் இருப்பார்கள். அதில் யார் பக்கம் நிற்பது என்பதைக் கேட்கிறவன்தான் முடிவு செய்ய வேண்டும். ஷேக்ஸ்பியரையும் ஷெல்லியையும் கொண்டுவந்து இறக்கியவர்களுக்கு இது புரியவில்லை. பரிதிமாற் கலைஞருக்கும் சுந்தரம் பிள்ளைக்கும் பாரதிக்கும் புரிந்திருந்தது. நூறு வருடம் கழித்து வந்த எனக்குப் புரியாமல் போயிற்று. சுதந்திர நாட்டில், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், என் சொந்த ஊர்ப் பையனுக்கு நான் கம்பெனிக்காரன் கேட்ட நீதியை எழுதிப் போட்டேன்.

2014 வாக்கில், ஆனையூர் மெயின் ரோட்டில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். மதுரை மாநகராட்சியோடு ஆனையூர் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. புதிது புதிதாகக் கடைகள். ஒரு சின்னப் பலகாரக் கடையிலிருந்து, "சார்!" என்று ஒருவர் இறங்கி வந்தார். முன்தலை நரைத்திருந்தது. குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். அதே கணீர்.

கடைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஆந்திராவில் ஆறு வருடம், பிறகு மகாராஷ்டிராவில் பத்து வருடம், பிறகு சொந்தக் கடை. கையில் எண்ணெய்த் தழும்புகள். என்னைக் குறை சொல்லும் ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை. "அப்பா காலமாயிட்டாரு சார். கடைசி வரைக்கும் நான்தான் பார்த்துக்கிட்டேன்" என்றார். பெண் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாளாம். "அந்தப் பாட்டு இன்னும் மறக்கலை சார். அடுப்பு முன்னாடி நிக்கிறப்ப சொல்லிக்கிட்டே இருப்பேன். என் மகளுக்கும் சொல்லிக் கொடுத்தேன்."

"அவ என்ன சொன்னா?"

சிரித்தார். "அவ வாயாடி சார். பாட்டு முழுசையும் கேட்டுட்டு, ஏம்ப்பா, அவ்வளவு பேரு ஓடுனாங்களே, உங்கப்பாவால இனிமே சொல்ல முடியாது, நீ வாடான்னு அந்தப் பையன்கிட்ட ஒருத்தர்கூடப் போய்ச் சொல்லலையான்னு கேட்டா."

நான் டீயை மேஜைமேல் வைத்தேன். அவர் வேறு வாடிக்கையாளரைக் கவனிக்க எழுந்து போனார். தம் மகள் கேட்ட கேள்வி யாரைப் பார்த்துக் கேட்ட கேள்வி என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. திரும்பி வந்ததும் சொன்னேன். "அன்னைக்கு உங்க வீட்டுக்கு நான் வந்திருக்கணும். உங்க அப்பாகிட்டப் பேசியிருக்கணும். வராம போனது என் தப்பு." அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "வந்திருந்தாலும் அப்பா கேட்டிருப்பாரோ என்னவோ சார்" என்றார். கால் கிலோ முறுக்குக் கட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தப் பழைய புத்தகத்தைத் தேடி எடுத்தேன். ஹெமன்ஸ் அம்மையாரின் வாழ்க்கையைப் பற்றியும் பிறகு படித்தேன். அவருக்கு ஐந்து மகன்கள். கணவர் 1818இல் குடும்பத்தை விட்டு இத்தாலிக்குப் போனார், திரும்பவில்லை. எழுதிச் சம்பாதித்துத்தான் பிள்ளைகளை வளர்த்தார். பதில் சொல்லாத தகப்பனைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் மகனைப் பற்றி எழுதியவர், தகப்பன் இல்லாத ஐந்து மகன்களின் தாய். இதை அறிந்த பிறகு அந்தப் பாட்டில் எனக்குக் கீழ்ப்படிதல் கேட்கவில்லை, துக்கம்தான் கேட்டது. அதுவும் எதிரி நாட்டுப் பையனுக்காக ஓர் ஆங்கிலத் தாய் பட்ட துக்கம். இத்தனை காலம் அதைப் பாடமாக வைத்தவர்கள் எல்லோரும் பையனைப் புகழ்ந்தார்கள். கப்பலைப் பற்றி யாரும் பேசவில்லை.

கீழ்ப்படிதல் தப்பு என்று நான் சொல்லவில்லை. அவர் தம் அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாரே, அதுவும் அந்தப் பாட்டிலிருந்து வந்த நீதியாக இருக்கலாம். அதை எடுத்துக்கொண்டது அவர். நான் எழுதிப் போட்டது அது அல்ல.

எதிர்வீட்டுப் பிள்ளை மறுநாள் சாயங்காலம் வந்தாள். கதையை அவளையே தமிழில் சொல்லச் சொன்னேன். சொல்லி முடித்ததும், "இதிலே யார் பேசாம இருந்தது தப்புன்னு உனக்குத் தோணுது?" என்று கேட்டேன். யோசித்தாள். ஒரு பதில் சொன்னாள். நான் நினைத்திருந்த ஒரு வரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"இதை எழுதினா ரெண்டு மார்க் கிடைக்குமா தாத்தா?"

"கிடைக்காட்டி உங்க டீச்சர்கிட்ட நான் வந்து பேசுறேன்" என்றேன்.

விளையாட்டுக்குச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே ஓடினாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் இங்கிருந்து நடக்கிற தூரம்தான்.